இதற்காகத்தான் பிறந்தேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி, சுருக்கமாக: பண்ருட்டிப் பக்கத்து ஊர்க்காரர், வயது 31. கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் எட்டு வருடமாக வேலை. சம்பளத்தில் குறையில்லை, வேலையும் கைவந்துவிட்டது. ஆனால் நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தாலே "இதுக்காகவா பொறந்தேன்" என்ற எண்ணம் வருகிறது. போன மாதம் புதுச்சேரியில் இரண்டு நாள் முகாமுக்குப் போய், நான்கு வட்டம் வரைந்து, நடுவில் எழுத ஒன்றும் இல்லாமல் திரும்பியிருக்கிறார். லேபில் சில்லறை எரிச்சல்கள் வேறு: ஏசி சரியாக ஓடுவதில்லை, ஒரே ரிப்போர்ட்டை இரண்டு முறை எழுத வேண்டும், டிரம்மில் ஒட்டியிருப்பதில் என்ன போட்டிருக்கிறது என்று கான்ட்ராக்ட் ஆட்கள் கேட்டுக் கேட்டு டீ நேரமே போய்விடுகிறது. ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் என் பாதையைத் தேடலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு விடாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

நான் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தொழில்நெறி வழிகாட்டும் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து ஓய்வுபெற்றவன். பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த வாரங்களில் க்யூ கேட் வரைக்கும் நிற்கும். அந்த க்யூவில் யாரும் "நான் எதற்காகப் பிறந்தேன்" என்று கேட்டதில்லை. "எப்போ சார் கூப்பிடுவாங்க" என்பார்கள். பதிவு அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, கால் லெட்டருக்காகக் காத்திருந்த தலைமுறை அது. நீங்களும் ஒரு கால் லெட்டருக்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அனுப்பும் ஆபீஸ்தான் வேறு.

முதலில் அந்த நான்கு வட்டம். அது காலியாக இருந்ததுதான் உங்களை ரொம்ப உலுக்கியிருக்கிறது. பிடித்தது, திறமை இருப்பது, உலகத்துக்குத் தேவையானது, காசு தருவது, இவை நான்கும் சேரும் இடம் 'இகிகாய்', ஜப்பானியர்களின் ரகசியம் என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் படம் ஜப்பானிலிருந்து வந்ததே இல்லை. ஆந்த்ரேஸ் சுசுனாகா என்ற ஸ்பானிய ஜோதிடர் வரைந்தது. நடுவில் அவர் 'நோக்கம்' என்று எழுதியிருந்தார். 2014-இல் மார்க் வின் என்பவர் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'இகிகாய்' என்று போட்டுத் தன் வலைப்பதிவில் வெளியிட்டார். அதுதான் ஊரெல்லாம் சுற்றி உங்கள் முகாமுக்கும் வந்திருக்கிறது. ஜப்பானில் அந்தச் சொல்லுக்குக் காசு கட்டாயமே இல்லை. காலையில் எழுந்திருக்கத் தோன்றவைப்பது எதுவானாலும் இகிகாய்தான், அது பேரப்பிள்ளையாக இருக்கலாம், தொட்டியில் வைத்த செடியாக இருக்கலாம். நம் வீட்டுப் பாட்டி விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாளே, அதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஆகவே வட்டம் காலியானதற்கு வருத்தப்படாதீர்கள். முகாமுக்குக் கட்டிய பணத்துக்கு வேண்டுமானால் வருத்தப்படுங்கள்.

அடுத்தது நைட் ஷிஃப்ட். அந்த எண்ணம் உங்களுக்கு வருவது விடிய விடிய விழித்திருந்து திரும்புகிற பஸ்ஸில். பகல் ஷிஃப்ட் வாரத்தில் வருகிறதா, பொங்கல் லீவில் வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கவனித்துப் பாருங்கள். வாரத்துக்கு வாரம் தூக்கம் மாறுகிற உடம்பு வெறும் ஓய்வு கேட்டுக் கெஞ்சுவதைக்கூட மனசு பெரிய தத்துவமாக மொழிபெயர்த்துவிடும். லீவிலும் விடாமல், சாப்பாட்டிலும் தூக்கத்திலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால், அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இரண்டும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இதற்காகவே பிறந்தோம் என்று தோன்றும் வேலையை இங்கிலீஷில் 'காலிங்', அதாவது அழைப்பு, என்பார்கள். அது தேவாலயத்து வார்த்தை. புதுச்சேரியில் கத்தோலிக்கக் குடும்பங்களில் 'இறையழைத்தல்' என்பார்கள். பையன் குருமடத்துக்குப் போகிறான், பெண் கன்னியர் மடத்துக்குப் போகிறாள் என்றால், அவர்களுக்கு அழைத்தல் இருக்கிறது என்று பேச்சு. அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பையன் வந்து "எனக்கு அழைத்தல் இருக்கு" என்றவுடனே யாரும் அங்கி மாட்டிவிடுவதில்லை. வருடக்கணக்கில் படிக்கவைக்கிறார்கள், ஊர்த் தேவாலயங்களுக்கு அனுப்பி வேலை வாங்குகிறார்கள், நடுவில் வீட்டுக்குத் திரும்பவும் வழி வைத்திருக்கிறார்கள். அவன் காதில் விழுந்தது நிஜம்தானா என்று அவனும் பார்க்கிறான், அவர்களும் பார்க்கிறார்கள்.

அழைப்பு என்றால் அழைக்கிறவர் என்று ஒருவர் வேண்டும், இல்லையா? முகாம்களில் இதை மறந்துவிடுகிறார்கள். கண்ணை மூடு, உள்ளே போ, உன்னையே கேள் என்கிறார்கள். நம் பக்கத்துக் கதைகளை எடுத்துப் பார்த்தால், முக்கால்வாசிப் பேரைக் கூப்பிட்டது பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர்.

திருவதிகை உங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். திருநாவுக்கரசர் கதையைப் பெரிய புராணம் சொல்கிறபடி நினைத்துப் பாருங்கள். மதச் சண்டையை ஒரு பக்கம் தள்ளிவிடுவோம். திருவாமூரில் பிறந்தவர் சமணத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுரத்தில், அதாவது இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், பெரிய ஆளாக இருக்கிறார். சூலை நோய் என்ற கடும் வயிற்றுவலி வருகிறது. மருந்து மந்திரம் எதுவும் பலிக்கவில்லை. அக்கா திலகவதியாரை அழைத்துவரச் சமையற்காரரை அனுப்புகிறார். அக்கா என்ன செய்தார் தெரியுமா? "நான் அங்கே வரமாட்டேன், போய்ச் சொல்" என்று அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பிறகுதான் தம்பி இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் புறப்பட்டார். முதல் பதிகம் அங்கே பிறந்தது. ஆனால் அவர் சிலையைப் பாருங்கள், தோளில் சாய்ந்திருப்பது உழவாரம். கோயிலில் முளைத்த புல்லைச் செதுக்குகிற கருவி. அந்த வேலையும் அக்கா வழியில் வந்ததுதான். தம்பி வருவதற்கு முன்பே திருவதிகைக் கோயிலைக் கூட்டி மெழுகிக்கொண்டிருந்தவர் திலகவதியார்.

வடலூருக்கு எத்தனையோ முறை போயிருப்பீர்கள். வள்ளலார் 1823-இல் மருதூரில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். ஒருநாள் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, நீ போய் நாலு பாட்டுப் பாடிவிட்டு வா என்று தம்பியை அனுப்பினார்கள், பேச உட்கார்ந்த தம்பியைச் சபையே மெய்மறந்து கேட்டது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. சொற்பொழிவாளராகவே அவர் காலம் கழிந்திருக்கலாம். ஆனால் சத்திய தருமசாலையில் அடுப்பு மூட்டியது 1867 மே 23-இல், 44-ஆவது வயது நடக்கும்போது. வாசலில் வந்து நின்ற பசி கூப்பிட்டது. பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அந்த அடுப்பை இன்றுவரை அணையவிடவில்லை. 31 வயதில் தாமதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்த வருடக் கணக்கைச் சொன்னேன்.

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அவரோடு பழகியவர்களில் கனக சுப்புரத்தினம் என்ற இளம் தமிழாசிரியரும் ஒருவர். அதற்கு முன்பும் பாட்டு எழுதியவர்தான். நண்பர்கள் கூடியிருந்தபோது, எங்கே ஒரு பாட்டு எழுது பார்ப்போம் என்று பாரதி சொல்ல, அங்கேயே எழுதிக் காட்டினார். பாரதி அதைச் சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்தார். பிற்பாடு அவர் பாரதிதாசன் ஆனது ஊரறிந்த கதை. ஆனால் வேலையை விடவில்லை. 1946-இல் ஓய்வுபெறும்வரை 37 வருடம் வாத்தியாராகவே இருந்தார். பாட்டுக்காக வாத்தியார் வேலையை விட்டிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பாரா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எல்லோருக்கும் இப்படித்தான் என்று சாதிக்க மாட்டேன். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் வந்து இறங்கியது உள்ளே கேட்ட ஓர் ஆணையால் என்று அவரே சொல்லியிருக்கிறார். மறுக்க நான் யார்? ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறி, குதிரையேற்றத் தேர்வில் அதைக் கோட்டைவிட்டு, பரோடா சமஸ்தானத்தில் 13 வருடம் உத்தியோகம் பார்த்து, பத்திரிகை நடத்தி, அலிப்பூர் சிறையில் ஒரு வருடம் கிடந்து, 37 வயதில் அந்த ஆணைக்குக் கிளம்பியவர் அவர்.

இனி வேலை என்ற பக்கத்துக்கு வருகிறேன். 1997-இல் அமெரிக்காவில் ஏமி ரெஸ்னெஸ்கியும் கூட்டாளிகளும் 196 ஊழியர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். தங்கள் வேலையைச் சிலர் சம்பளமாகப் பார்த்தார்கள், சிலர் மேலே ஏறும் படியாக, சிலர் அழைப்பாக. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீதம் பிரிந்தது. சுவாரசியம் என்னவென்றால், அந்தக் கூட்டத்தில் நிர்வாக உதவியாளர்கள் மட்டும் 24 பேர் இருந்தார்கள். அவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோதும் அதே மூன்று பங்கு. ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரி ஃபைல்.

எனக்கு அது ஆச்சரியமாக இல்லை, ஏனென்றால் நானே டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவன். ஒரு ஜூன் மாதம், கவுன்டர்காரர் மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டார். "நீ போய் ஒக்காருப்பா" என்றார் சூப்பரின்டென்ட். எனக்கு நாலு பேரோடு பேசுவதென்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மார்க் ஷீட்டை நீட்டுவார் என்று கையை நீட்டினேன். அவர் பையனின் தோளைப் பிடித்து என் பக்கம் தள்ளி, "இவன என்ன படிக்கவைக்கலாம், நீங்களே பாத்து சொல்லுங்க சார்" என்றார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவும்போதும், சாப்பிடும்போதும் அந்தப் பையனையே யோசித்துக்கொண்டிருந்தேன். அதுவரை ஆயிரக்கணக்கில் கடிதம் அடித்திருக்கிறேன். ஒரு கடிதத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து யோசித்ததில்லை.

தப்பும் செய்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது உங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் விழுந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கடுத்து ஒரு பையன் வந்தான், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயது இருக்கும். தோப்பு போய்விட்டது, போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்றான். நான் உயரம், மார்பளவு, மார்க் எல்லாம் கேட்டு, என்ன புத்தகம் படிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை தேர்வில் தவறிவிட்டான். மூன்றாம் முறை வந்தபோதுதான் அவன் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் வரிவரியாகச் சின்னச் சின்ன வெட்டுகள். என்னடா இது என்றேன். "ஒட்டு கட்டறேன் சார். சும்மாதான். பக்கத்து கொல்லைக்காரங்க கேக்கறாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். விதை போட்டு இரண்டு மாதமாகாத முந்திரிக் கன்று, பாலிதீன் பையில். தலையை வெட்டிவிட்டு, தண்டின் நடுவில் பிளேடால் ஒரு பிளவு போடுகிறான். நல்ல காய்ப்பு மரத்திலிருந்து எடுத்த குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்புப் போலச் சீவி அந்தப் பிளவில் இறக்குகிறான். பட்டையோடு பட்டை பொருந்துகிறதா என்று கண்ணால் பார்ப்பதோடு விடாமல் நகத்தால் ஒருமுறை தடவுகிறான். அப்புறம் பாலிதீன் நாடாவை இழுத்துச் சுற்றி முடிச்சு. மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. ஒரு கன்றுக்கு ஒன்றரை நிமிடம் ஆகியிருக்காது. என்னிடம் பேசிக்கொண்டே செய்தான், ஆனால் நகத்தால் தடவும்போது மட்டும் பேச்சு நின்றது.

"எத்தனை பேர்டா வந்து கேக்கறாங்க?"

"யாரு சார் கேக்கல. இந்தத் தெருவுல எல்லாருக்கும் கட்டியாச்சு."

"அலுப்பா இல்லையா?"

"துளிர் வந்திருக்கான்னு பாக்கத்தான் சார் காலையில எழுந்திருக்கறதே."

இரண்டு வருடமாக அவனிடம் "உனக்கு என்ன ஆகணும்" என்றே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். "உன்னிடம் யார் என்ன கேட்கிறார்கள்" என்று ஒருமுறையாவது கேட்டிருந்தால் அவனுக்கு அந்தக் காலம் மிச்சம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் முந்திரி ரகங்களும் ஒட்டுக் கன்றுகளும் பற்றிக் கேட்டுவரச் சொன்னேன். இப்போது சொந்தமாக நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறான். போலீஸ் ஆசை மட்டும் போகவில்லை. மகனைச் சேர்ப்பானாம்.

அவனுக்கும் முதல் வருடம் பாதிக் கன்று காய்ந்துபோனது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நமக்கென்று இருக்கும் வேலை கிடைத்துவிட்டால் கஷ்டமே தெரியாது என்று முகாம்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மாணவர்களுக்குக் கருந்துளை பற்றி ஓர் அருமையான வீடியோ போட்டுக்காட்டினார்கள். எல்லோருக்கும் ஆர்வம் வந்தது. அடுத்து அதே விஷயத்தில் கடினமான ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது பிறவியிலேயே உள்ளே இருப்பது, கண்டுபிடித்தால் போதும் என்று நம்பியவர்களுக்குத்தான் ஆர்வம் கூடுதலாக வடிந்துபோனது. வளர்த்துக்கொள்வது என்று நம்பியவர்கள் அவ்வளவு சோர்ந்துபோகவில்லை.

கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் கூப்பிடுவார்கள், மேனேஜர் கூப்பிடுவார். பெண்களைக் கேட்டுப் பாருங்கள், யார் யார் எதற்கெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று பட்டியலே போடுவார்கள். அழைப்பு என்று நினைத்துச் செய்கிறவரைச் சுரண்டுவதும் சுலபம். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கா, கனடா மிருகக்காட்சிசாலைப் பணியாளர்களை ஆராய்ந்ததில், விலங்குகளுக்காகவே பிறந்தோம் என்று நம்பியவர்கள் வேலையில் நிறைவாக இருந்தார்கள், ஆனால் சம்பளத்தையும் வசதியையும் விட்டுக்கொடுக்கவும் அவர்களே தயாராக இருந்தார்கள். நர்ஸ், டீச்சர், அங்கன்வாடிப் பணியாளர் வீடு எதிலாவது கேட்டால் இதற்கு ஆய்வே தேவையில்லை என்பார்கள். ஆகவே நாளைக்கு உங்கள் வழி இதுதான் என்று தெரிந்தாலும் சம்பளத்தைப் பேசத் தயங்காதீர்கள்.

அப்படியானால் எந்தக் குரலுக்குத் திரும்புவது? எனக்குத் தெரிந்த நல்ல சோதனை 500 வருடப் பழசு. லொயோலா இஞ்ஞாசியார் ஸ்பெயின் நாட்டுப் படைவீரர். 1521-இல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி மாதக்கணக்கில் படுக்கை. வீர சாகசக் கதைப் புத்தகம் கேட்டார். வீட்டில் அது இல்லை, கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான் இருந்தன. படுத்துக்கொண்டே இரண்டு விதமாகக் கனவு காண்பார். ஒன்றில் பெரிய வீரனாகி ஓர் உயர்குலப் பெண்ணின் மனதைக் கவர்வது. மற்றதில் அந்தப் புனிதர்களைப் போல வெறுங்காலோடு போவது. இரண்டுமே காணும்போது இனிப்பாகத்தான் இருந்தன. ஆனால் முதல் கனவு முடிந்தபின் மனசு வறண்டு கிடந்தது, இரண்டாவது முடிந்தபின்னும் இனிப்பு நாக்கில் நின்றது. அந்த வித்தியாசத்தைக் கவனித்தார், அவ்வளவுதான். செய்யும்போது பிடிக்கிறதா என்பதைவிட, செய்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்து எப்படி இருக்கிறது என்பது நம்பகமான அளவு. ரீல்ஸ் பார்ப்பதும் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். போனில் வேண்டாம். மூன்று மாதம். தினமும் படுக்கும் முன் ஒரு வரி: இன்று யார் என்னிடம் என்ன கேட்டார், செய்துகொடுத்த பிறகு எப்படி இருந்தது. "எனக்கு என்ன பிடிக்கும்" என்று அதில் எழுதாதீர்கள், நாம் எல்லோரும் அதில் கொஞ்சம் பொய் சொல்லுவோம். மூன்று மாதமும் லேபுக்கு ஒழுங்காகப் போங்கள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் உங்களிடம் எதையாவது கேட்கிற ஆட்களே குறைந்துவிடுவார்கள், நோட்டும் காலியாகவே இருக்கும்.

கடைசியாக, உங்கள் கேள்வியிலேயே ஒரு வரி இருக்கிறது. ஏசிக்கும் ரிப்போர்ட்டுக்கும் நடுவில் குறையாக எழுதியது. டிரம்மில் ஒட்டியிருப்பதில் என்ன போட்டிருக்கிறது என்று கான்ட்ராக்ட் ஆட்கள் உங்களிடம் வந்து கேட்கிறார்கள். லேபில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் ஏன் உங்களிடம் வருகிறார்கள்? இங்கிலீஷில் இருக்கும் அந்த எச்சரிக்கையை அவர்களுக்குப் புரிகிற மாதிரி என்ன வார்த்தை போட்டுச் சொல்கிறீர்கள்? எந்த டிரம்மைத் திறக்கும்போது கண்ணாடி போட வேண்டும், எது கையில் பட்டால் எவ்வளவு நேரம் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு உங்கள் இடத்துக்குத் திரும்பிய அன்று, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டே என்ன நினைத்தீர்கள்?

இதுதான் உங்கள் வழி என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை ஒரு பையனின் கையைப் பார்க்காமல் புத்தகப் பெயர்களை எழுதிக் கொடுத்தவன் நான். நோட்டில் முதல் வரியாக இதை எழுதிவையுங்கள், மூன்று மாதம் கழித்துப் பேசுவோம்.